கட்டைவிரல் காட்டிய பக்கம்

டீத் தம்ளர் வலது கையில் இருந்ததால்தான் இத்தனையும். சிவப்புப் பேனாவை மூடி டெஸ்க்கில் வைத்துவிட்டிருந்தேன். டீ வந்துவிட்டால் கால் மணி நேரத்துக்கு இந்தப் பொதுத்தேர்வு முகாம் ஹாலில் ஒருத்தரும் விடைத்தாள் திருத்துவதில்லை, நானும் திருத்துவதில்லை, ஆனால் கண் சும்மா இருந்தால்தானே. இன்றைக்குத் தாமதமாகக் கொடுத்த கட்டின் முதல் விடைத்தாளில் முப்பத்தோராம் கேள்வியின் மேல் போய் நின்றது. காந்தப்புலம் தாளுக்குள் போகிறது, மின்னோட்டம் இடமிருந்து வலமாக ஓடுகிறது, இடக்கை விதியைக் கூறி, கம்பியின் மேல் செயல்படும் விசையின் திசையைக் காண்க. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் இதைவிடச் சுலபமான மூன்று மதிப்பெண் கிடையாது, விதிக்கு இரண்டு, திசைக்கு ஒன்று. சும்மா கிடந்த இடது கையை எடுத்துத் தாளின் மேல் வைத்தேன். ஆள்காட்டி விரல் புலம், அது தாளைக் குத்தியது. நடுவிரல் மின்னோட்டம், அது வலப்பக்கம் நீண்டது. கட்டைவிரல் விசை. கட்டைவிரல் தாளின் மேல் விளிம்பைப் பார்த்து நின்றது. பிள்ளையும் மேல்நோக்கி என்றுதான் எழுதியிருந்தது. சரி என்று நினைத்துக்கொண்டு டீயை ஒரு வாய் குடித்தேன், அது தொண்டைக்குள் இறங்குவதற்குள் நேற்று மத்தியானம் ஞாபகம் வந்துவிட்டது. நேற்று என் கட்டைவிரல் மேல் விளிம்பைப் பார்க்கவில்லை. என் வயிற்றைப் பார்த்தது. நேற்று நான் பன்னிரண்டு விடைத்தாள் உள்ள ஒரு கட்டு முழுக்க, கீழ்நோக்கி என்பதைத்தான் சரி என்று போட்டேன்.

இருக்காது. இரு தெய்வானை, பதறாதே. தம்ளரைத் தரையில் வைத்தேன். திருத்தும்போது உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து, பேனாவை எடுத்தேன், இடது கையில்தான் எடுத்தேன், எனக்கு எழுத்துக் கை அதுதான், இப்போது திசை பார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வலது கை எழுந்து வந்தது. யாரும் கூப்பிடவில்லை. பேனா இல்லாத கை, வேலைவெட்டி இல்லாத கை, அது பாட்டுக்கு வந்து மூன்று விரலை விரித்தது. ஆள்காட்டி விரல் தாளுக்குள் போக, நடுவிரல் வலப்பக்கம் போக, முழங்கை விலகித் தூக்கிக்கொள்ள, மணிக்கட்டு வலியோடு திரும்பிக் கட்டைவிரல் என் வயிற்றில் வந்து முட்டியது. நேற்றும் இப்படித்தான் முழங்கையைத் தூக்கிப் பக்கத்து நாற்காலி ஜெபக்கனி டீச்சரை இடித்தேன். ‘ஆத்தி, என்ன டீச்சர், பரதநாட்டியமா?’ என்று அவள் கேட்டாள், நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்போடு சிரிப்பாகக் கீழ்நோக்கி என்று மனதில் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு கையைத் தூக்கவே இல்லை. முதல் தாளில் பார்த்ததை வைத்தே மிச்சம் பதினொன்றையும் ஓட்டினேன், எல்லாரும் அப்படித்தான் ஓட்டுவோம், ஒவ்வொரு தாளுக்கும் விரலை விரித்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். விடைக்குறிப்பைப் பார்த்திருக்கலாம். பார்த்தேன். அதில் விதி இரண்டு, சரியான திசை ஒன்று என்று மட்டும்தான் போட்டிருக்கிறது, எது சரியான திசை என்று போடவில்லை, இயற்பியல் எம்.எஸ்ஸி. படித்தவர்களுக்கு அதைக்கூடவா எழுதிக் காட்ட வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். நியாயம்தான். வலது கையால் எழுதுகிற ஒருத்தருக்கும் இந்தத் தப்பு வராது. அவர்களுக்குப் பேனா வலது கையில், இடது கை சும்மா, விதி தானாகவே சரியாக வந்துவிடும். இந்த ஹாலில் நாற்பத்தாறு பேர். பேனாவை இடது கையில் பிடித்திருப்பது நான் ஒருத்திதான், நேற்றுக் காலையில் உள்ளே நுழைந்ததுமே பார்த்துவிட்டேன், எங்கே போனாலும் நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

வேடிக்கை என்னவென்றால் எனக்கு இந்தப் பாடத்தின் மேல் ஆசை வந்ததே இந்த விதியால்தான். நான் பத்தாவது படிக்கிற வரைக்கும் என் இடது கையை ஒருத்தரும் ஒரு காரியத்துக்கும் கேட்டதில்லை. எடுக்காதே, நீட்டாதே, அந்தக் கையால் கொடுக்காதே. பீச்சாங்கை, நொட்டாங்கை, அதற்கு எத்தனை பெயர். சித்தி கல்யாணத்தில் சந்தனக் கும்பாவை இந்தக் கையால் நீட்டிவிட்டேன் என்று மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள், அப்பா அன்றைக்கு ராத்திரி வரைக்கும் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை வலது கைக்கு மாற்றினார்கள், விளக்கேற்றுவதை மாற்றினார்கள், எழுத்தை மட்டும் மாற்ற முடியவில்லை. மாற்ற விடவில்லை என்று சொல்ல வேண்டும், ஒரு வருஷம் முழுக்க நான் அழவும் இல்லை, மாறவும் இல்லை. அப்படி இருக்கும்போது ஒரு நாள் வகுப்பில், எல்லாரும் இடது கையை நீட்டுங்கள் என்று அறிவியல் வாத்தியார் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாற்பது பிள்ளைகளும் இடது கையை நீட்டினார்கள். என் கை முதலில் நீண்டது. இப்போது இருபத்திரண்டு வருஷமாக நானே நடத்துகிறேன். வகுப்பில் எனக்குத் தப்பே வந்ததில்லை, ஏனென்றால் அந்த இடம் வந்ததும் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டுத்தான் கையைத் தூக்குவேன், அது பழக்கம். பேனாவை வைக்கிற பழக்கம் இல்லை. பேனாவை வைத்துவிட்டு யார் திருத்துவார்கள். என் கையைப் பார்த்து யார் யாரோ முகம் சுளித்தபோதெல்லாம் இந்த விதியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், அதிலேயே இப்படி வழுக்கி விழுந்திருக்கிறேன். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, அந்தச் சந்தனக் கும்பா அம்மாள் மேல்கூட வந்தது, அவள் செத்துப் பத்து வருஷமாகிறது.

சரி, கணக்குப் பார். எத்தனை பேருக்கு என்ன ஆச்சு? பன்னிரண்டில் ஐந்து பேர் இந்தக் கேள்வியைத் தொடவில்லை, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, இவ்வளவு சுலபமானதை விட்டுவிட்டதுகளே என்று ஜெபக்கனியிடம் சொன்னேன். மிச்சம் ஏழு. அதில் மேல்நோக்கி என்று எழுதியவர்கள் நான்கு பேர், நான்கு பேருக்கும் நான் சிவப்பில் ஒரு கோடு இழுத்து மூன்றில் இரண்டு போட்டேன், ஒரு தாளில் இழுத்த கோடு காகிதத்தைக் கிழித்தது, அவ்வளவு நம்பிக்கை எனக்கு. அதில் ஒன்று அறுபத்தொன்று வாங்கிய தாள், முத்து முத்தான எழுத்து, இவ்வளவு நன்றாக எழுதிவிட்டு இதில் கோட்டை விட்டதே என்று வருத்தப்பட்டேன். கோட்டை விட்டது நான். கீழ்நோக்கி என்று எழுதியவர்கள் மூன்று பேர். அவர்களுக்கு மூன்றுக்கு மூன்று போட்டேன். அந்த மூன்றாவது தாள். அதை நினைக்காமல் கடந்துபோகப் பார்த்தேன், முடியவில்லை, அந்தத் தாள் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. பெயர் இல்லை, ஊர் இல்லை, விடைத்தாளில் எங்களுக்குத் தெரிவது ஒரு எண் மட்டும்தான், அந்த எண்ணும் மறந்துவிட்டது. ஆனால் அந்த மசி மறக்கவில்லை. ஒவ்வொரு வரியும் வலப்பக்கமாக இழுபட்டு, எழுதியதன் மேலேயே கை தேய்த்துக்கொண்டு போன தடம். அது எப்படி வரும் என்று எனக்குத் தெரியும், என் இடது கைச் சுண்டுவிரல் ஓரத்தில் நாற்பது வருஷமாக அந்த மசி இருக்கிறது. அந்தப் பிள்ளையும் பேனாவை இடது கையில் பிடித்துக்கொண்டு, சும்மா இருந்த வலது கையைத் தூக்கி, முழங்கை இடிக்க, கீழ்நோக்கி என்று எழுதியிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே தப்பை ஒரே மாதிரி செய்திருக்கிறோம். நான் அதற்கு ஒரு மதிப்பெண் போட்டேன். அந்த ஒன்றையும் சேர்த்துக் கூட்டினால் பதினைந்து வந்தது, இரண்டு தடவை கூட்டினேன், பதினைந்துதான், எழுத்துத் தேர்வில் எழுபதுக்குப் பதினைந்து இருந்தால் தேர்ச்சி. பாஸாகிவிட்டாய் போ என்று வாய்விட்டே சொன்னேன், நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

அப்படியென்றால் பேசாமல் இருப்பதுதானே நல்லது. நான் வாயைத் திறக்காவிட்டால் நான்கு பேருக்கு ஒரு மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். அறுபத்திரண்டுக்குப் பதில் அறுபத்தொன்று. குடி முழுகிப் போகாது. வாயைத் திறந்தால் ஒரு பிள்ளை ஃபெயில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தராசில் வைத்துப் பார்த்தாலும் பேசாமல் இருக்கும் பக்கம்தான் கனக்கிறது. இது என்னுடைய இரக்கம், நல்ல இரக்கம், எவருக்கும் கெடுதல் இல்லாத இரக்கம். அப்படியா தெய்வானை? அந்தப் பிள்ளைக்காகவா பேசாமல் இருக்கப் போகிறாய்? ஜூன் மாதம் தலைமை ஆசிரியர் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது, அதில் உன் பெயர் மூன்றாவதாக இருக்கிறது, இந்த நேரத்தில் ஒரு விளக்கக் கடிதம் கேட்டு ஆணை வந்தால் பெயர் எங்கே போகும் என்று தெரியும்தானே? போன வருஷம் கூட்டலில் ஒரு பக்கத்தை விட்டுவிட்ட ஒரு வேதியியல் வாத்தியார் இரண்டு வருஷத்துக்குப் பட்டியலில் ஏற முடியாமல் நிற்கிறார், அவரைப் பார்த்தால் இப்போதும் ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. காரணத்தைக் கேட்பார்களே, அதை என்னவென்று எழுதுவது? இடது கையால் எழுதுவதால் வலது கையைத் தூக்கிவிட்டேன் என்றா? இயற்பியல் டீச்சருக்குச் சோத்தாங்கை எது, பீச்சாங்கை எது என்று தெரியவில்லை என்று நாற்பத்தாறு பேரும் சிரிப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பக்கத்து ஹால் கணக்கு வாத்தியார்களுக்கும் தெரிந்துவிடும். அந்தச் சிரிப்புக்குத்தான் பயப்படுகிறேன். ஆமாம், அதற்குத்தான். அந்தப் பிள்ளையை முன்னால் நிறுத்தி அதன் முதுகுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறேன். இது தெரிந்ததும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. ஆனால் தெரிந்துவிட்டதால் மட்டும் அந்தப் பிள்ளை பாஸாகிவிடாது என்பதும் உண்மைதானே. நான் பயந்தாங்கொள்ளியாகவே இருந்துவிட்டுப் போகிறேன், என் பயத்தால் ஒரு பிள்ளை தப்பிக்கிறது என்றால் அந்தப் பயம் இருக்கட்டுமே. சுற்றிச் சுற்றி இங்கேயேதான் வந்து நிற்கிறேன்.

‘டீச்சர், டீ ஆறிப் போச்சு’ என்றாள் ஜெபக்கனி. ஆமாம் என்றேன். ‘முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?’ போட்டேன் என்றேன். மணி பதினொன்று நாற்பது. நேற்றைய கட்டுகளின் மதிப்பெண் பட்டியல் ஒரு மணி வேனில் போய்விடும், போய்விட்டால் பிறகு நான் நினைத்தாலும் திருப்ப முடியாது, நினைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு மணி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் போதும். சிவப்புப் பேனாவைத் திறந்து இன்றைய தாளைத் திருத்தத் தொடங்கினேன். பதினாறாம் கேள்வி சரி. பதினேழு சரி. மின்விசிறி தலைக்கு மேல் கடகடவென்று சுற்றுகிறது, காற்று வரவில்லை. பதினெட்டு பாதி. முப்பத்தொன்று, மேல்நோக்கி, மூன்று போட வேண்டும். போட்டேன். போட்டதும் கை நின்றுவிட்டது. இந்தப் பிள்ளைக்கு மூன்று. நேற்று அதே விடையை எழுதிய நான்கு பேருக்கு இரண்டு. இது செய்த புண்ணியம் என்ன? என் வலது கையில் டீத் தம்ளர் இருந்ததுதான். அந்த அறுபத்தொன்று வாங்கிய பிள்ளை தேர்வு முடிந்து வெளியே வந்ததும் தோழிகளோடு விரலை விரித்துப் பார்த்திருக்கும், மேலேதான் டீ, கரெக்ட் என்று குதித்திருக்கும். அது விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால், மேல்நோக்கி என்ற சொல்லின் மேல் காகிதம் கிழிய ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதைப் பார்த்து என்ன நினைக்கும்? டீச்சருக்குத் தெரியாமல் போயிற்று என்றா நினைக்கும்? நினைக்காது. நம் பிள்ளைகள் அப்படி நினைக்க மாட்டார்கள். தனக்குத்தான் தப்பு, தன் கைதான் தப்பு என்று நினைக்கும். சரியாக நீட்டிய கையைத் தப்பு என்று சொன்னால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? அதை ஒரு மதிப்பெண் என்று சொல்லிக் குறைத்துக்கொண்டிருக்கிறேனே, இத்தனை வயசுக்கு மேலே, என் ஒருத்திக்குமா அது மறந்துபோக வேண்டும்.

அந்த மசிப் பிள்ளை? அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்? அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தால் ஒரு மணி ஆகிவிடும், ஆக வேண்டும் என்றுதான் இந்த மனசு தேடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பிள்ளையிடமும் நான் கடன்பட்டிருக்கிறேன் என்றால், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் இன்னொரு தடவை படிப்பதுதான் என்னால் செய்ய முடிந்தது, அதற்கும் கட்டு திறக்க வேண்டும். திறக்கட்டும். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தேன். எழுந்து நின்று பேசப் போனால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன் என்று எனக்கு என்னைத் தெரியும், அதனால் எழுதினேன். நேற்றுப் பிற்பகல் எனக்கு வழங்கப்பட்ட கட்டில் முப்பத்தோராம் வினாவுக்கு, இடக்கை விதியை வலக்கையால் பார்த்துவிட்டேன். ஏழு விடைத்தாள்களில் மதிப்பெண் தவறாக உள்ளது. கட்டைத் திறந்து திருத்த அனுமதி வேண்டுகிறேன். தெய்வானை, முதுகலை ஆசிரியர், இயற்பியல். நான்கு வரிதான். எழுதிய வேகத்தில் வழக்கம்போல மசி இழுபட்டது.

முதன்மைத் தேர்வாளர் முத்திருளன் சார் மேடைக்குப் பக்கத்தில் தனி மேசையில் இருந்தார். நல்ல மனுஷன், அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார், அதுவரைக்கும் ஒரு வம்பும் வேண்டாம் என்று இருப்பவர். கடிதத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், திரும்பவும் போட்டுக்கொண்டு படித்தார்.

‘என்ன டீச்சர் இது. ஒரு மார்க்கு விஷயம்.’

‘ஆமா சார்.’

‘கட்டு கட்டிச் சீல் வச்சாச்சு. இப்பத் தெறக்கணும்னா முகாம் அலுவலர் அம்மா வரணும், ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் எழுதணும், மேல எழுதிக் கேப்பாங்க. உங்க பேரு பட்டியல்ல இருக்குல்ல?’

‘இருக்கு சார்.’

‘அப்பறம்? நான் இதப் பாக்கல. மடிச்சுப் பைக்குள்ள வச்சுட்டு போயி ஒக்காருங்க.’ குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், என் நல்லதுக்குத்தான் சொன்னார், அதுதான் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கடிதத்தை என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை. கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டேன், எடுத்துவிடுவேனோ என்று பயம்.

‘நாலு பேரு சரியா எழுதியிருக்காங்க சார். நான் தப்புன்னு போட்டுட்டேன்.’

‘யாருக்குத் தெரியும்?’

‘எனக்குத் தெரியுது சார்.’ இது கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. முன்வரிசையில் தலைகள் நிமிர்ந்தன. அவர் பெருமூச்சு விட்டார், ஓர் ஆளை அனுப்பி முகாம் அலுவலர் அம்மாவைக் கூப்பிடச் சொன்னார். அந்த அம்மா வந்து, கேட்டு, என் கையை ஒரு தடவை பார்த்து, ‘எந்தக் கையிலம்மா எழுதுவீங்க?’ என்று கேட்டார். காட்டினேன். ஹாலில் ஒருவர் சிரித்தார். நான் பயந்திருந்த சிரிப்பு வந்துவிட்டது, கேட்டுவிட்டேன், செத்துப் போகவில்லை. ‘இதுல சிரிக்க என்ன சார் கெடக்கு?’ என்று ஜெபக்கனி அங்கேயிருந்து சத்தம் போட்டாள். எனக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

கட்டைத் திறந்தார்கள். அறுபத்தொன்று அறுபத்திரண்டானது. நாற்பத்தெட்டு, ஐம்பத்தேழு, முப்பத்துமூன்று, மூன்றுக்கும் ஒவ்வொன்று கூட்டினேன், ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் என்ற இடத்தில் மதிப்பீட்டாளரின் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு குறைக்க வேண்டியவை. நாற்பது முப்பத்தொன்பது. இருபத்தாறு இருபத்தைந்து. கடைசியாக அந்தத் தாள். மேலே நான் வட்டமிட்டிருந்த பதினைந்து. அதை அடித்துப் பதினாலு என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு நொடி பேனாவை உயரத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். எழுதினேன். முத்திருளன் சார் எட்டிப் பார்த்துவிட்டு ச்சு என்றார். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பச்சைப் பேனாவைத் திறந்தார். பதினாலில் நிற்கும் தாளை இன்னொருவர் முழுதாகப் படிக்க வேண்டும் என்பது முறை, ஆனால் அவர் முறைக்காக மட்டும் படிக்கவில்லை என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. ஒரு மதிப்பெண் வேண்டும். கருணைக்குப் போட முடியாது, முகாம் அலுவலர் அம்மா பக்கத்தில் நிற்கிறார், காரணம் எழுத வேண்டும். தாளுக்குள் இருந்தால்தான் உண்டு. இருக்கும் என்று நினைத்தேன். இருந்தே ஆக வேண்டும், இவ்வளவும் செய்துவிட்டேனே, இதற்காவது இருக்கக் கூடாதா என்று யாரிடமோ வாதாடிக்கொண்டு நின்றேன். அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஒரு பக்கம், இரண்டு பக்கம், ஏழு, எட்டு. சாப்பாட்டு மணி அடித்தது. நாற்காலிகள் நகர்ந்தன, டிபன் பாக்ஸ் சத்தம், ஹால் காலியானது, அவர் எழுந்திருக்கவில்லை. பதினொன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

‘டீச்சர், இங்க வாங்க. இருபத்தெட்டாவது கணக்கு. வழியெல்லாம் சரியாத்தான் வந்துருக்கு. விடையில பத்தோட அடுக்கு என்ன, அஞ்சா, மைனஸ் அஞ்சா? மசி இழுத்துக்கெடக்கு, என் கண்ணுக்குப் பிடிபடல.’

மைனஸ் ஐந்து என்றால் சரியான விடை, ஒரு மதிப்பெண் உண்டு. நேற்று நான் அதை வெறும் ஐந்து என்று படித்து மதிப்பெண் போடவில்லை. குனிந்தேன். ஐந்துக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு, மேல் வரியிலிருந்து வழிந்ததா, பிள்ளை போட்டதா? முகாம் அலுவலர் அம்மாவும் குனிந்து பார்த்துவிட்டு, ‘எனக்கும் தெரியல, உங்களுக்குத் தெரியுதாம்மா?’ என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைனஸ் என்று சொன்னால் மைனஸ். யாரும் மறுக்கப் போவதில்லை. அவர்கள் முகத்தில் அதைச் சொல்லிவிடேன் என்று இருந்தது, என் வாயிலும் அது வந்து நின்றது. தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன். பேனா அழுத்தி எழுதினால் காகிதத்தில் பள்ளம் விழும். ஐந்து இருந்த இடத்தில் பள்ளம் தெரிந்தது. கோடு இருந்த இடம் வழவழவென்று இருந்தது. பின்பக்கம் திருப்பி விரலால் தடவினேன், இன்னொரு தடவை தடவினேன். கோட்டின் ஆரம்பம் மெல்லியதாகவும் முடிவு பரவியும் இருந்தது, ஈர மசியின் மேல் கை நகரும்போது அப்படித்தான் இழுபடும். இந்த ஹாலில், அதைப் பார்த்ததும் சொல்லக் கூடியவள் நான் ஒருத்திதான். வேறு யாராவது ஒருவராக இருந்திருக்கக் கூடாதா?

‘அது கோடு இல்ல சார்’ என்றேன். ‘கை பட்ட மசி.’

‘நல்லாப் பாருங்க.’

‘பாத்துட்டேன் சார். வெறும் அஞ்சுதான்.’

அவர் மிச்சம் இருந்த பக்கங்களையும் விடாமல் படித்தார், ஒரு வரியைக்கூடத் தாண்டவில்லை, அதற்காக அவரை நான் மறக்க மாட்டேன். கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, ‘பதினாலுதான் டீச்சர்’ என்றார். அவர் பச்சையில் கையெழுத்துப் போட்டார், அதற்குக் கீழே நான் சிவப்பில் போட்டேன். வேன் பத்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. திரும்பி என் இடத்துக்கு வந்தபோது ஜெபக்கனி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள், என் டிபன் பாக்ஸைத் திறந்து என் முன்னால் நகர்த்தினாள். எலுமிச்சம்பழச் சாதம், உருளைக்கிழங்கு. வாயில் வைக்க முடியாது என்றுதான் நினைத்தேன். எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை இந்நேரம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும், பாஸாகிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஆனால் பசித்தது. அப்படிப் பசித்தது எனக்கு வெட்கமாக இருந்தது, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பிசைந்து உருட்டி, வழித்துச் சாப்பிட்டு முடித்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து காலையில் பாதியில் விட்ட கட்டை எடுத்தேன்.